மழை மாதங்களில் எருக்குவியல்

கையகல நிலம் கிடைத்தாலும் நம்மவர் முதலில் கீரைப்பாத்தி கட்டுவர். அடுத்து, மூலையில் ஓர் எருக்குழி தோண்டுவர். தில்லியில் அரசாங்கக் குடியிருப்பின் பின்புறத்தில், தமிழ்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து நாங்களும் அவ்வாறே செய்தோம். ஊரில் கண்டு பழகிய முறை அது. ஆனி முடிவதற்குள் பருவமழை வந்தது; மூன்றே நாளில் குழி குட்டையாயிற்று. ஆடியில் எழுந்த நாற்றம் பொறாது, மேல்மாடியிலிருந்த பஞ்சாபி மூதாட்டியார் பால்கனியில் துணி உலர்த்துவதையே நிறுத்திவிட்டார். குழியை மூடாவிடில் தோட்டமே பறிபோகும் என்று குடியிருப்புச் சங்கத்தார் எச்சரித்தனர். மூடினோம்.

மழையைக் குறை கூறிப் பயனில்லை. குப்பையை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஈரத்தோடு காற்றும் வேண்டும். இடுக்குகளை நீர் அடைத்துக்கொண்டால், காற்றின்றி வாழும் வேறு உயிர்கள் பெருகுகின்றன. நாற்றம் அவற்றின் வேலை. தழைச்சத்தும் நீரில் கரைந்து வீணே கீழிறங்கிவிடுகிறது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டு, வறண்ட மாதங்களுக்குக் குழியையும் மழை மாதங்களுக்குத் தரைமேற் குவியலையும் வகுத்திருந்தார். ஏடுகளைப் பெயர்த்தெழுதியே பிழைக்கும் எங்கள் கண்ணில் அந்த ஏடு மட்டும் படாமற் போனது வேடிக்கைதான்!

மறு ஆண்டு, சற்று மேடான இடத்தில் உடைந்த செங்கற்களைப் பரப்பி, அவற்றின்மேல் குச்சிகளையும் காய்ந்த அவரைத் தண்டுகளையும் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினோம். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வடிகால் வெட்டினோம். உண்மையான தட்டுப்பாடு சருகுக்கே. மழைக்காலத்தில் சமையலறை தருவதெல்லாம் ஈரக்கழிவு. தில்லியில் வேம்பும் அரசும் இலை உதிர்ப்பதோ மாசி, பங்குனியில். ஆகவே, அப்போதே சருகை வாரிக் கோணிப்பைகளில் அடைத்துத் தாழ்வாரத்தில் வைத்துவிட வேண்டும். காய்கறித் தோல் ஒரு கூடையென்றால் சருகு இரண்டு கூடை. அதன்மேல் ஒரு பிடி பழைய எரு. குழம்பின் அடிவண்டலைக் கொட்டலாமா என்று எங்களுக்குள் நெடிய விவாதம் நடந்தது. எண்ணெயும் உப்பும் கலந்தது ஆகாது என்பதே முடிவு. உச்சியைக் கூரைபோற் சரிவாக்கி, கோணியும் பழைய தகரமும் போர்த்தினோம்.

மழை விட்ட நாட்களில் கிளறிக் கொடுப்பது அவசியம். உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டே வர வேண்டும். ஒழுகினால் மேலும் சருகு சேர்க்க வேண்டியதுதான்.

ஐப்பசியில் காலிபிளவர் நாற்று நட்டபோது எரு கறுத்து, உதிரியாக, புதுமழை பட்ட மண்போல் மணத்தது. மூதாட்டியார் மீண்டும் துணி உலர்த்துகிறார். ஆயினும், முதலில் ஒருமுறை கீழே குனிந்து மோந்து பார்த்த பிறகுதான்.