கிளையோடு கிளை சேரட்டும்

மேலூர், நத்தம் பக்கமிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே,

2022 நவம்பரில் நம் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 193.42 ஹெக்டேர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்று தெரிந்ததும் மேலூர் வட்டாரமே வீதிக்கு வந்தது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்தச் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. அதே 2025இல் அழகர்மலைக்கு அருகிலுள்ள காசம்பட்டி வீரக்கோயில் காடு இரண்டாவது தலமானது. அதன் பரப்பு 4.97 ஹெக்டேர், ஐந்துகூட முழுதாக இல்லை. காத்தவர்களுக்கெல்லாம் என் வணக்கம். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைபட்ட விலங்கு எத்தனை தலைமுறை தாங்கும்? வெளியிலிருந்து இணை வர வழியில்லை என்றால் உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலியும். ஒரு கோடை வறட்சியில் போன உயிர் திரும்பி வராது. அரிட்டாபட்டியும் அழகர்மலையும் சிறுமலையும் இன்று தனித்தனித் தீவுகள். அவற்றுக்கு நடுவே கிடப்பதில் பெரும்பகுதி வனத்துறை நிலம் அல்ல, உங்கள் பட்டா நிலம். ஆகவே இந்தத் தீவுகளை இணைக்கும் வேலையில் முதல் கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்க முடியும்.

தேவாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அரிட்டாபட்டியில் இருக்கிறது, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் மலைப்பகுதியில் 11,806 ஹெக்டேரில் அதற்கென்றே 2022இல் சரணாலயம் அமைந்தது. இரவில் பூச்சி பிடித்துத் தின்னும் இந்தச் சிற்றுயிருக்குக் குரங்கைப் போலத் தாவத் தெரியாது. ஒரு கிளையை விடாமல் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கிளையைத் தொடும். கிளைக்கும் கிளைக்கும் இடைவெளி விழுந்தால் தரையில் இறங்கியாக வேண்டும். தரையில் நாயும் வண்டிச் சக்கரமும் காத்திருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், ஒரே இடத்தில் லட்சம் கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட, இரண்டு மலைக்கு நடுவே வரிசை அறுபடாமல் நிற்கும் சில ஆயிரம் மரங்கள் அதற்கு அதிகம் பயன்படும். எறும்புத்தின்னிக்கோ மரத்தைவிடத் தரையில் மறைவு வேண்டும். கம்பிவேலி வந்த பிறகு நாம் கைவிட்ட உயிர்வேலியும் அதன் அடிப்புதரும் போதும். பருந்துக்கும் வல்லூறுக்கும் இந்த வழித்தடமே தேவையில்லை. எந்த உயிருக்கு எது வழி என்று தெரிந்து நடுவதுதான் காரியம்.

இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். பிரேசிலில் பொன்னிறச் சிங்கக் குரங்கு 1970களில் சில நூறாகக் குறைந்துபோனது. மிஞ்சிய காடுகளில் பெரும்பகுதி தனியார் பண்ணைகளில் சிதறிக் கிடந்தது. பண்ணைக்காரர்களோடு பேசி, துண்டுக் காடுகளை மரவரிசைகளால் இணைத்தார்கள். நெடுஞ்சாலைக்கு மேலே மரம் வளரும் பாலமே கட்டினார்கள். 2023 கணக்கெடுப்பில் அவை ஏறத்தாழ 4,800. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வால்பாறையில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்குள் எஞ்சிய சோலைகளைத் தோட்ட நிறுவனங்களின் இசைவோடு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2000 முதல் மீட்டு வருகிறது. சாலைக்குக் குறுக்கே கட்டிய தொங்குபாலங்களில் சிங்கவால் குரங்குகள் கடந்து போகின்றன. நான்கு வழியாகிவிட்ட நத்தம் சாலைக்கும் அப்படிப் பாலம் கேட்க நமக்கு நியாயம் உண்டு.

விவசாயியின் அச்சங்களும் நியாயமானவை. மரம் வந்தால் காட்டுப்பன்றி வராதா? பன்றிக்கு மரவரிசை தேவையில்லை. கண்மாய்க்குள் மண்டிய சீமைக்கருவேலம் முன்பே அதற்கு மறைவிடமாகிவிட்டது. அதை அகற்றுவதும் இந்தத் திட்டத்தின் பாதியாக இருக்கட்டும். நிழல் விழுந்தால் நெல் விளையாதே? உண்மை. எனவே பெரியாற்றுப் பாசன வயலின் நடுவரப்பைக் கேட்கவில்லை. வாய்க்கால் கரை, வண்டிப்பாதை ஓரம், புஞ்சைக் காட்டின் எல்லை, மாந்தோப்பின் விளிம்பு, இவை போதும். புளி, வேம்பு, புங்கை, நாவல், இலுப்பை, உசிலை நடுங்கள். புளியும் நாவலும் வெட்டாமலே வருமானம் தரும். இன்று மரம் வளர்த்தால் நாளை நிலத்தைக் காடு என்று எழுதிக்கொள்வார்களோ என்ற அச்சம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதை வாய்வார்த்தையால் போக்க முடியாது. உரிமை உங்களுடையதே, பலன் உங்களுடையதே என்பதையும், எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்பதையும் அரசு எழுத்தில் தர வேண்டும். வனஉயிர்ச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தம், உரிமையாளர் தாமாக முன்வந்தால் தனியார் நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்க இடம் தருகிறது. அதில் சேராமல் வரப்போரம் மட்டும் நடுகிறவருக்கும் அரசின் எழுத்துறுதி வேண்டும். அது வரும்வரை தயங்குகிறவரை இயற்கையின் எதிரி என்று யாரும் பேசக் கூடாது.

இன்னொரு உண்மையும் உண்டு. தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 ஹெக்டேர். ஒரு கிலோமீட்டர் வழித்தடம் என்றாலும் பல பட்டாக்களைத் தாண்டியாக வேண்டும். நடுவில் ஒருவர் மறுத்தால் வரிசை அறுந்துவிடும். எனவே இது தனிமனிதர் கொடைத்தனத்தால் முடியாது, ஊர் கூடி எடுக்கும் முடிவாகத்தான் முடியும். சுரங்கத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்ட கிராம சபைகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. அக்டோபர் 2 கிராம சபையில் எந்த வாய்க்கால் கரை, எந்தப் பாதை ஓரம் என்று சர்வே எண்ணோடு வரைபடம் வையுங்கள். பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் கன்றுகளை அந்த வரைபடத்துக்குக் கேளுங்கள். இனி எந்த அதிகாரியோ அமைப்போ இத்தனை லட்சம் கன்று நட்டோம் என்று மேடையில் கணக்குச் சொன்னால், எந்த மலையை எந்த மலையோடு சேர்த்தீர்கள் என்று எழுந்து கேளுங்கள்.