அயர்வு நோயும் அளவுகோலும்



1955-ம் வருஷம் லண்டன் ராயல் பிரீ ஆஸ்பத்திரியில் சிப்பந்திகளிலேயே 292 பேர் ஒருவித அயர்வு நோயில் விழுந்து, ஆஸ்பத்திரியையே மூடும்படியாயிற்று. 1970-ல் இரண்டு மனோவைத்தியர்கள், ஒரு நோயாளியையும் நேரில் பரிசோதியாமல் பழைய கடுதாசிகளைப் புரட்டி, இது ஹிஸ்டீரியா என்பதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். காரணங்களிலொன்று, நோயாளிகளில் பெரும்பாலோர் பெண்களாம்! முகம் பாராமலே பேய் என்று சொல்லும் பூசாரிக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று நாம் கேட்கிறோம்.

இந்நோயைக் காட்டும் தனி ரத்தப் பரிசோதனை இன்றும் கிடையாதுதான். ஆனால் அளக்கவே முடியாதென்பது சுத்தப் பொய். மூச்சை அளந்துகொண்டே சைக்கிள் மிதிக்க வைக்கிறார்கள், மறுநாளும் அப்படியே. சும்மா பழக்கமற்றவன் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவு மிதிக்கிறான். இந்நோயாளிகளில் அநேகருக்கோ மறுநாள் சக்தி இறங்கிவிடுகிறது. மூச்சுக் காற்றிலுள்ள பிராணவாயு சோம்பேறி வேஷம் போடுமா, தோழர்களே?