பழைய எந்திரமும் புதிய வேகமும்



மின்சாரம் எட்டாத சிற்றூர்களில் ஒரு காலத்தில் கிணற்று நீரை இறைத்ததும், மாவு அரைத்ததும், மெதுவாகச் சுழலும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எந்திரமேயாகும். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் லிஸ்டர் நிறுவனத்தார் 1930-ஆம் ஆண்டையொட்டி ஆக்கிய எந்திரம் இவ்வகைக்கு ஒரு முன்மாதிரி. அதே அமைப்பில் குஜராத்தின் ராஜ்கோட் நகரத்துப் பட்டறைகளும் ஏராளமாகச் செய்து அளித்தன. மின்மோட்டார் வந்தபின் துருவேறிக் கிடக்கும் அவற்றை வீட்டுப் பட்டறையில் உயிர்ப்பிக்க விழைவோர் உண்டு. அவர்கள் எதைப் புதுப்பிக்கலாம், எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

துருப்பிடித்து இறுகிய பிஸ்டனைச் சம்மட்டியால் தாக்குதல் கேடு. சிலிண்டரில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பல நாள் ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டி இளக்க வேண்டும். பின்னர் எண்ணெய் நிற்கும் அடிப்பெட்டியைக் கழுவித் துடைத்தல் இன்றியமையாதது. இவ்வெந்திரத்தில் எண்ணெய் தெறித்தே உறுப்புகளை நனைக்கிறது; வார்ப்பு மணல் சிறிது தங்கியிருப்பினும் அதனோடு கலந்து பேரிங்குகளை அராவிவிடும். டீசலைப் பீய்ச்சும் நாசிலைச் சோதிக்கையில் அதன் எதிரே கையை நீட்டலாகாது. அத்தாரை தோலைத் துளைத்து உட்புகும். காயம் ஊசி முனையளவே தோன்றினும் உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

இனி மாற்றத்திற்கு வருவோம். எந்திரம் ஓடத் தொடங்கியதும், இதை இன்னும் விரைவாக ஓட்டினால் என்ன என்னும் ஆசை எழுவது இயல்பு. 6 குதிரைச் சக்தி எந்திரம் நிமிடத்திற்கு 650 சுற்றுக்கென அமைந்தது. அதன் இரு பக்கமும் பிளைவீல் எனப்படும் கனத்த வார்ப்பிரும்புச் சக்கரங்கள் உள்ளன. சுழற்சி இரு மடங்கானால் சக்கரத்தைப் பிளக்க முயலும் இழுவிசை நான்கு மடங்காகும். 650 சுற்றை 1,000 ஆக்கினாலோ அவ்விசை ஏறத்தாழ 2.4 மடங்கு. வார்ப்பிரும்பு அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுப்பைத் தாங்கும் வலிமை அதற்குக் குறைவு. மறைந்த கீறல் ஒன்றிருப்பின் சக்கரம் சிதறிச் சுவரையும் துளைக்கும்; அருகில் நிற்பவர் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

எனவே ஓட்டுமுன் சக்கரத்தை மண்ணெண்ணெயால் நனைத்து, உலரத் துடைத்து, சுண்ணக்கட்டியைப் பூசிப் பார்க்க வேண்டும். கீறலுள் புகுந்த எண்ணெய் மேலே கசிந்து கருங்கோடாகத் தோன்றும். கோடு கண்ட சக்கரத்தை ஒதுக்கிவிடுதலே அறிவுடைமை.

விளக்கெரிக்க மின்னாக்கி வேண்டுமெனில் அதற்கும் நேரிய வழி உண்டு. பொதுவாக வழங்கும் மின்னாக்கி 1,500 சுற்றில் ஓடுவது. அதன் புல்லியைப்போல் ஏறத்தாழ 2.3 மடங்கு விட்டமுள்ள புல்லியை எந்திரத்தில் பொருத்தி, பெல்ட்டால் இணைத்தால் போதும். எந்திரம் தன் 650 சுற்றிலேயே அமைதியாக ஓடும். வேட்டியும் சேலைத் தலைப்பும் சிக்காதவாறு பெல்ட்டுக்கு மறைப்பு அமைத்து, புகையை வெளியே செலுத்திவிட வேண்டும். வேகத்தை அடக்கும் கவர்னர் ஸ்பிரிங்கை மட்டும் இறுக்காதிருப்பீர்களாக. வேண்டிய வேகத்தைப் புல்லியில் பெறலாம்; சக்கரத்தின் எல்லையை மீறிப் பெற வேண்டியது ஒன்றுமில்லை.