விதைநெல்லை விற்று வட்டி தேடலாமா?

(கிளிநொச்சியிலே கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



காலபோக நெல் வீடு வந்து சேர்ந்துவிட்டது. உரக்கடையும் உழவு மெசினும் கேட்ட கடனைக் கொடுத்தபின் மிஞ்சியது கையில் இருக்கின்ற கிழமைகள் இவை. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய காசும், இளைப்பாறியோர் மொத்தமாகப் பெற்ற காசும் வேறு சில வீடுகளில் உண்டு. இந்தக் கிழமைகளிலேதான் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி வருவார். மாதம் நூற்றுக்கு ஐந்து என்பார். டொலரிலே தருவோம் என்பார். "வளர்ந்துவரும் சந்தை" என்று ஒரு புதுச் சொல்லையும் சொல்லுவார். உரிமை பேச அழைத்த மேடையில் இவர்கள் வட்டிக் கணக்குப் பேசுகிறார்களே என்று சிலர் எண்ணக்கூடும். காணியும் கைப்பொருளும் போனவனிடம் உரிமையை மாத்திரம் கொண்டுபோய்க் கொடுத்து என்ன செய்வது? ஆகையாலே பேசுகின்றோம்.

முதலில் அந்தப் புதுச் சொல்லை எடுத்துக்கொள்வோம். மூலதனம் குறைந்த, சட்டமும் கணக்கும் இன்னும் உறுதிப்படாத நாடுகளுக்கு இலண்டனிலும் நியூயோர்க்கிலும் உள்ள பணக்காரர் வழங்கும் பெயர் அது. அங்கே போட்ட பணம் திரும்பாமற் போகலாம். அதற்காகவே அங்கே வட்டி அதிகம். வட்டியும் ஆபத்தும் ஒரே கொடியிற் காய்ப்பவை. 2007 ஆம் ஆண்டிலே, போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், இலங்கை அரசாங்கம் முதன்முறையாக 50 கோடி டொலருக்குச் சர்வதேசப் பிணைமுறிகளை 8.25 வீத வட்டிக்கு விற்றது. போர் முடிந்தபின் முறிமேல் முறியாக விற்றது. 2022 ஏப்ரில் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று கையை விரித்தது.

முறிகளை வாங்கியவர்கள் நட்டப்பட்டார்கள் என்பது மெய். எப்படி நட்டப்பட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். பிணக்கு வந்தால் நியூயோர்க் சட்டமே செல்லும் என்று பத்திரத்திலே முன்னரே எழுதி வைத்திருந்தார்கள். ஹமில்டன் றிசேர்வ் வங்கி 2022 ஜூன் மாதமே அங்கே வழக்கிட்டது. ஏனையோர் குழுவாகக் கூடி இரண்டரை ஆண்டு பேரம் பேசினர். 2024 டிசம்பரில், அசலிற் கால்வாசி அளவை விட்டுக்கொடுத்து, நாட்டின் வருமானம் உயர்ந்தால் தமக்கும் கூட வரவேண்டும் என்ற நிபந்தனையோடு புதிய முறிகளைப் பெற்றுக்கொண்டனர். பத்திரம் அவர்கள் கையில் இருந்தது. சட்டத்தரணி பக்கத்தில் இருந்தார். தனித்தனியே நில்லாமற் கூடி நின்றார்கள்.

எங்கள் மக்களுக்கு அதே காலத்தில் நடந்தது என்ன? 2022 மார்ச்சுக்கு முன் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐ எட்டியது. செப்டெம்பரிலே விலைவாசி முந்திய ஆண்டைவிட 70 வீதமளவு ஏறி நின்றது. வங்கிப் புத்தகத்தில் எண் அப்படியே இருந்தது. அந்த எண்ணுக்கு வாங்கக்கூடிய அரிசி பாதியாயிற்று. 2023 இல் ஊழியர் சேமலாப நிதியின் திறைசேரி முறிகளை மாற்றி, வட்டியை முதலில் 12, பின்னர் 9 வீதம் என்று ஆக்கினார்கள். நியூயோர்க்காரனுக்கு மேசை போட்டார்கள். நிதி உறுப்பினனுக்குச் செய்தி மாத்திரம் வந்தது. ஆகவே வங்கியிலே போட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆபத்து இல்லாத இடம் இல்லை. அந்த ஆபத்து யார் தலையில், என்ன பத்திரத்தோடு ஏறுகின்றது என்பதுதான் கேள்வி.

2009 க்குப் பின்னர் வன்னி, அந்தச் சந்தைக்குள்ளே இன்னுமொரு சந்தையாயிற்று. ஏ-9 வீதி திறந்தது. தகரக் கொட்டில்களுக்கு ஓடு ஏறுமுன்னே லீசிங் கம்பனிகளின் பெயர்ப்பலகைகள் ஏறின. நுண்கடன்காரர் கிராமந்தோறும் வந்தனர். பிணை கேட்கவில்லை, ஐந்து பெண்களைக் குழுவாக இருத்தி, ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர் கட்டவேண்டும் என்றனர். கிழமைக் காசு கட்ட இன்னொரு கம்பனியிற் கடன்பட்ட தாய்மாரை நாம் அறிவோம். இந்த மண்டபத்திலும் இருக்கின்றீர்கள். 2018 இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பட்ட ஓர் இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யவும், வட்டியை 35 வீதத்துக்கு மட்டுப்படுத்தவும் அரசாங்கம் முன்வர நேர்ந்ததென்றால், அதற்கு முன் நடந்ததை ஊகித்துக்கொள்ளலாம். "முதலீடு" என்று வந்தவர்களுக்கு இலாபம் கிடைத்தது. அது எங்கே முளைத்தது? அந்தக் கிழமைக் காசிலேதான்.

இனி வைப்புகள். 2011 ஆம் ஆண்டின் 42 ஆம் இலக்க நிதித்தொழிற் சட்டத்தின்படி, மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் இல்லாத கம்பனி பொதுமக்களிடம் வைப்புப் பெறுவது குற்றம். 2008 டிசம்பரில் சரிந்த கோல்டன் கீ கம்பனிக்கு வைப்புப் பெறும் அனுமதியே இருக்கவில்லை. படித்தவர்களும் இளைப்பாறிய அதிகாரிகளும் 2,600 கோடி ரூபா அளவில் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருந்தனர். பெரிய குழுமத்தின் பெயரை நம்பினார்கள். அனுமதி இருந்தாலும் ஆபத்துத் தீர்ந்ததா? 1940 இல் தொடங்கிய த பினான்ஸ் கம்பனியின் அனுமதி 2020 மே மாதத்தில் இரத்தாயிற்று, ஈ.ரீ.ஐ. பினான்ஸின் அனுமதி ஜூலையில். வேறுபாடு யாதெனில், அனுமதி பெற்ற இடத்து வைப்புக்குக் காப்புறுதி உண்டு. அப்போது ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரை. 2021 முதல் 11 இலட்சம். அதற்கு மேற்பட்டதை ஒரே கம்பனியில் வைத்திருப்பவர் தமது தலைவிதியை அக்கம்பனியின் தலைவிதியோடு முடிந்து வைத்திருக்கின்றார். அனுமதி பெற்றோர் பட்டியலை மத்திய வங்கி வெளியிடுகின்றது. அறிவியல் நகரில் அதற்குப் பிராந்திய அலுவலகமும் உண்டு. கொழும்புக்குப் போகவேண்டியதில்லை.

மாதம் ஐந்து என்றால் ஆண்டுக்கு அறுபது. நெல்லாலோ மாட்டாலோ கடையாலோ ஆண்டுக்கு அறுபது வீதம் ஆதாயம் கண்டவர் இச்சபையில் ஒருவர் உண்டா? உங்களுக்குப் பின்னால் வருபவனின் அசலே உங்களுக்கு வட்டியாக வருகின்றது. இத்தகைய கூம்பகத் திட்டங்களை வங்கித்தொழிற் சட்டத்தின் 83 சீ பிரிவு தடைசெய்கின்றது. நடத்துபவன் மாத்திரமன்று, அதை ஊக்குவித்து ஆள் சேர்ப்பவனும் அகப்படுவான். மைத்துனரையும் மச்சாளையும் அன்பினாலே சேர்த்துவிட்டேன் என்பது நீதிமன்றில் எதிர்வாதமாகாது. கைத்தொலைபேசியில் ஏறி இறங்கும் கிறிப்ரோ நாணயம் என்று இளைஞர் சொல்வதைப்பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இன்னாருக்குக் கொடுத்தேன் என்று பெயரும் முகவரியும் எழுத முடியாத இடத்திற் போட்ட காசுக்கு வழக்கில் எதிராளியே இல்லை.

காணிக்கு வருவோம். புலம்பெயர்ந்த எமது உறவுகள் பெரும்பாலும் இதிலேதான் பணம் போடுகின்றனர். எம்மிடம் வந்த சங்கதி ஒன்று: பெயர் வேண்டாம். கனடாவிலே பிரஜாவுரிமை பெற்றுவிட்ட ஒருவர், குளத்தின் கீழ் ஐந்து ஏக்கர் வயல் வாங்க மைத்துனருக்குப் பணம் அனுப்பினார். மைத்துனர் நேர்மையானவர். முழுப் பணத்தையும் வயற்காரரிடம் எண்ணிக் கொடுத்து, முத்திரை ஒட்டிய காகிதத்திலே கையெழுத்தும் வாங்கினார். இரண்டு போகம் விதைத்தார்கள். வயற்காரர் காலமானார். பின்னுரித்தாளராகப் பதியப்பட்ட மகன் வந்து, காணி என்னுடையது என்றான்.

சட்டம் அந்த மகன் பக்கமே நின்றது. ஏனென்றால் மூன்று பூட்டுகள் அதில் இருந்தன. அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாறாது. இரண்டாவது, 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனைக்கும் விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். முத்திரை ஒட்டிய காகிதம் காணியைப் பொறுத்தமட்டில் வெறுங்காகிதம். மூன்றாவது, 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி முதலாந் தேதியிலிருந்து பிறநாட்டுப் பிரஜைக்குக் காணி விற்பதைத் தடுத்துவிட்டது. இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்தவருக்கு அத்தடை இல்லை, இவரோ எடுக்கவில்லை. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்டு வழக்காடலாம். அதற்கும் காலவரையறை உண்டு.

அனுமதிப்பத்திரச் சட்டத்தை வைது பேசுவோரை நாம் காண்கின்றோம். எமது நோக்கு வேறு. கடன்காரன் கமக்காரனின் வயலைப் பறிக்கக்கூடாதென்றே அந்தப் பூட்டைப் போட்டார்கள். வன்னிக் காணி இன்னும் வன்னியார் கையில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பூட்டை உடைப்பதன்று நாம் கேட்பது. சம்மதம் கேட்டுக் கச்சேரிக்குப் போகும் ஏழையின் கோப்பு ஆண்டுக்கணக்கிலே தூங்காதிருக்கவேண்டும் என்பதையே கேட்கின்றோம். வெளியில் இருக்கும் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்: பணம் அனுப்புமுன் உறுதியின் பிரதியை அனுப்பும்படி கேட்கட்டும்; காணிப் பதிவகத்திலே தேடிப் பார்க்கட்டும்.

காணி வாங்க வழியில்லை என்றானவுடன், உன் காணியிலேயே நாங்கள் சொல்வதை வளர். விளைவதை நாங்களே வாங்குவோம் என்று வருவோர் உண்டு. இவ்வகைக்குச் சரியான பாடம் தமிழ்நாட்டிலே, ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறையில் இருக்கின்றது. சுசி ஈமு பண்ணை என்ற நிறுவனம் கமக்காரரிடம் முற்பணம் வாங்கி, ஈமுக் கோழிக் குஞ்சுகளைக் கொடுத்து, வளர்ப்புக்கென மாதந்தோறும் பணம் தந்தது. தவறாமல் வந்தது, ஆகையால் அயலவனும் சேர்ந்தான். அந்தப் பறவையின் இறைச்சியையும் எண்ணெயையும் வாங்குவோர் யார் என்று எவரும் கேட்கவில்லை. 2012 இல் மாதப்பணம் நின்றது. தீனியின்றிப் பறவைகள் பட்டினி கிடக்க, அவற்றுக்கு இரை போடும் பொறுப்பும் அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. கொங்கு நாட்டுக் கமக்காரர் எம்மைவிடக் கெட்டிக்காரர் என்றே கேள்வி. பயிர் எதுவாயினும், அதைக் கம்பனியைத் தவிர வேறு யார் வாங்குவார் என்று கேளுங்கள். ஒருவருமில்லை என்றால், நீங்கள் விளைவிப்பது பொருளன்று, கம்பனியின் வாக்கு.

அப்படியாயின் காசை எங்கே போடுவது? நாம் சொல்லக்கூடியது பெரிய விஷயமன்று. அறுவடை நாளில் வயல் வரம்பிலேயே ஈரநெல்லைக் கொடுக்கின்றோம். நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதன் கேட்கின்றது. வியாபாரி ஈரத்துக்கென்று கழிவு வெட்டுகின்றான். காயப்போடத் தளமில்லை, வைக்கக் களஞ்சியமில்லை. 2025 பெப்ரவரியிலே நாட்டு நெல் கிலோவுக்கு 120, சம்பாவுக்கு 125, கீரிச் சம்பாவுக்கு 132 ரூபா என்று அரசாங்கம் அறிவித்தபோது, பல இடங்களில் அறுவடை தொடங்கியிருந்தது. அவசரத்திற் கொடுத்தவனுக்கு அந்த விலை பத்திரிகைச் செய்தி. இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல் தெற்கே போய் அரிசியாகித் திரும்பி வந்து எங்கள் கடையிலேயே விற்கப்படுகின்றது. அந்தப் போக்குவரத்தின் இடைவெளியிலே இருக்கும் ஆதாயம் எவன் வீட்டுக்குப் போகின்றது?

இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சீமெந்துத் தளமும் ஒரு களஞ்சியமும் கட்டலாம். வெளிநாட்டுப் பிள்ளையின் காசு காணியிற் சிக்குவதைவிட இதில் நிற்கட்டும். வைத்த நெல்லின் ரசீதைப் பிணையாகக் கொண்டு கடன் கொடுக்கும் முறையை இந்நாட்டு வங்கிகளும் கையாண்டுள்ளன. கடன் தீர்க்கவென்று அறுவடை நாளிலே விற்கும் கட்டாயம் அதனாற் குறையும். இதிலும் ஆபத்து உண்டு, மறைக்கமாட்டோம். அந்துப்பூச்சி உண்டு. அரசாங்கம் திடீரென அரிசி இறக்குமதிக்கு இடம்விட்டால் காத்திருந்த நெல்லின் விலை விழும்; ஆகையால் முழுவதையும் வைத்திருக்காமல் ஒரு பங்கை வைத்திருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் இடும் வைப்புக்கு முன்சொன்ன காப்புறுதி கிடையாது. கூட்டுறவுத் திணைக்களத்தின் கணக்காய்வே காவல். அந்தக் கணக்காய்வு அறிக்கையை மகாசபையிலே உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும். எந்தக் கட்சிக்காரனும், எங்கள் கட்சிக்காரனும், பொருளாளராக வேண்டாம். ஆதாயம் ஆண்டுக்கு அறுபது வீதமாக வராது. பத்தோ பன்னிரண்டோ வந்தாற் பெரிது, சில ஆண்டு வராமலும் போகும். ஆனால் தளம் அங்கேயே கிடக்கும். இராத்திரியோடு இராத்திரியாக அதைச் சுருட்டிக்கொண்டு எவனும் கொழும்புக்கு ஓட முடியாது.

கடைசியாக ஓர் அறிவித்தல். வருகின்ற சனிக்கிழமை காலை ஒன்பது மணி தொடக்கம் இதே மண்டபத்தில் இளம் சட்டத்தரணிகள் சிலர் இருப்பார்கள். கையெழுத்திட்டவை, கையெழுத்திடச் சொல்லித் தரப்பட்டவை எவையாயினும் கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ளவற்றை வரிக்கு வரி தமிழிற் சொல்லித் தருவார்கள். பிரதியை மாத்திரம் கொண்டு வரவும். மூலப் பத்திரம் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வருவோருக்குப் பிற்பகலிலும் நேரம் ஒதுக்கப்படும். நுண்கடன் குழுக்களில் உள்ள தாய்மார், குழுவில் உள்ள ஐவரும் ஒருமித்து வாருங்கள்.