வீடற்ற குடும்பமும் உதவித் தொகையும்



வீடில்லாதவர் என்றதும் நம் கண்முன் வருபவர், இரவில் கடையோர ஐந்தடிப் பாதையில் அட்டையை விரித்துப் படுக்கும் தனி மனிதர்தாம். கைக்குழந்தையோடு இருக்கும் குடும்பம் அங்கே அதிகம் தென்படுவதில்லை. அது இன்று அக்காள் வீட்டுக் கூடத்தில் இருக்கும். அடுத்த வாரம் தெரிந்தவர் ஒருவரின் பின்னறையில் இருக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது லயத்து வீடுகளை விட்டு வெளியேறிய நம்மவர் பலருக்கு இந்த அலைச்சல் புதியதன்று.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம். தகப்பனுக்கு வேலை போயிற்று, வாடகை நின்றது, வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொண்டார். தாய்க்கு உணவுக்கடையில் வேலை. அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் பேருந்துக்கும் சரியாய்ப் போய்விடுகிறது. மகளுக்கு வயது மூன்று, மகனுக்கு எட்டு.

நமது சமூக நல இலாகா, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாத உதவித் தொகை வழங்குகிறது. ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைக்கு 200 வெள்ளி, அதற்கு மேற்பட்டு 18 வயது வரை 150 வெள்ளி என்றிருந்த தொகை, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் முறையே 250, 200 என உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்திற்கு உச்ச வரம்பு 1,000 வெள்ளி. நாம் சொன்ன குடும்பத்திற்கு மாதம் 450 வெள்ளி கிடைக்கலாம். பால்மாவுக்கும் பள்ளிச் செலவுக்கும் அது பெரிய துணைதான்.

ஆனால் அந்தப் பணம் ஒரு வீட்டின் கதவைத் திறக்குமா? மாதம் 900 வெள்ளி வாடகையில் ஓர் அடுக்குமாடி வீடு என்று கொள்வோம். வழக்கப்படி இரண்டு மாத முன்பணம் 1,800. தண்ணீர், மின்சாரத்திற்கு அரை மாத முன்பணம் 450. முதல் மாத வாடகை 900. ஆக 3,150 வெள்ளியை எடுத்து வைத்தால்தான் சாவி கைக்கு வரும். உதவித் தொகையில் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏழு மாதம் ஆகும்! மூன்று வயதுக் குழந்தைக்கு ஏழு மாதம் என்பது எவ்வளவு நீண்ட காலம்! பேச்சு வளரும் பருவம் அது. அந்தப் பருவத்தில் அது ஒவ்வொரு வாரமும் வேறொருவர் வீட்டில், 'சத்தம் போடாதே' என்ற அதட்டலைக் கேட்டுக்கொண்டே வளர்கிறது. கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்டத்து வீடுகளுக்கு 124 வெள்ளி என்ற குறைந்த வாடகை நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. அதற்குக் காத்திருப்போர் வரிசையும் நீண்டதே.

ஆகவே மாத உதவி ஒன்று, வீடு புகுவதற்கான மொத்தத் தொகை மற்றொன்று. இரண்டும் வேண்டும் என்பது நம் கருத்து. பிறகு, எத்தனை காலத்திற்கு என்ற கேள்வி எழுகிறது. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. 2010 முதல் 2012 வரை, 12 வட்டாரங்களில், பிள்ளைகளோடு தற்காலிகக் காப்பகங்களில் தங்கியிருந்த 2,282 குடும்பங்களை அந்நாட்டு வீடமைப்பு இலாகா சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்தது. சிலருக்கு நீண்டகால வாடகை உதவி. சிலருக்குச் சில மாத வாடகை உதவி. சிலருக்கு ஆலோசனையோடு கூடிய இடைக்கால விடுதி. மற்றவர்களுக்கு வழக்கமான ஏற்பாடு.

மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது, நீண்டகால வாடகை உதவி பெற்ற குடும்பங்களே மீண்டும் வீடிழப்பது பெருமளவு குறைந்திருந்தது. பிள்ளைகள் பள்ளி மாறுவதும் குறைந்தது. குடும்ப வன்முறையும் குறைந்தது. மறைக்காமல் ஒன்றைச் சொல்லவேண்டும்: தொடக்கத்தில் பெற்றோர் வேலைக்குப் போவது சற்றே குறைந்தது. ஆயினும் மூன்றாண்டுச் செலவு, வழக்கமான ஏற்பாட்டின் செலவைவிட ஏறத்தாழ 9 விழுக்காடுதான் அதிகம். காப்பகத்தில் ஒரு குடும்பத்தை வைத்திருப்பதும் மலிவான காரியமன்று! அந்த உதவி பெரும்பாலும் வீட்டுக்காரருக்கே நேராகச் சென்றது என்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம். 'கையில் கொடுத்தால் குடித்துவிடுவார்கள்' என்று அஞ்சுவோர் நம்மிலும் உண்டல்லவா?

நம் சமூகத்தில் வேறொரு தடையும் இருக்கிறது. பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், தாய் தந்தையின் அடையாள அட்டைச் சிக்கல் தீராதவர்கள் இன்னமும் உள்ளனர். உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவர், 'முகவரி இல்லையே' என்று தயங்கி மனுச் செய்யாமலே இருந்துவிடுகிறார். தயங்க வேண்டாம். இருக்கின்ற பத்திரங்களை எடுத்துக்கொண்டு மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்குச் செல்லுங்கள். பத்திரம் குறைந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். அவசரமானால் 15999 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். அக்கம்பக்கத்தில் இப்படி ஒரு குடும்பம் இருப்பது உங்களுக்குத் தெரிந்தால், மனுப் பாரத்தை நிரப்பிக் கொடுக்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பிள்ளைகளின் வயதை அதில் சரியாக எழுதுங்கள்; தொகை அதைப் பொறுத்தே அமைகிறது.