கிதாருக்கு எந்தக் கம்பி?
(சங்கக் கூட்டத்தில் பேசியது)

நம் பிளாக்குகளில் கிதார் கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விரல் வலிக்கிறது என்று சிலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பல சமயம் கம்பியை மாற்றினாலே வலி குறையும்.

கடையில் 9, 10, 12 என்று கேட்பார்கள். அது செட்டில் உள்ள மிக மெல்லிய கம்பியின் தடிமன். 10 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு. எண் கூடினால் இழுவிசை கூடும். ஒலி நிறைவாக இருக்கும், விரலுக்கோ வேலை அதிகம். புதிதாகக் கற்பவர்களுக்கு எலெக்ட்ரிக்கில் 9, அக்கூஸ்டிக்கில் 10 அல்லது 11 போதும்.

எலெக்ட்ரிக் கிதாரின் பிக்கப்பில் இருப்பது காந்தம். அதற்கு நிக்கல் பூசிய எஃகுக் கம்பி பொருந்தும். அக்கூஸ்டிக்குக்கு வெண்கலம் சுற்றிய கம்பி: 80/20 வகை பளிச்சென்று ஒலிக்கும், பாஸ்பர் பிரான்ஸ் சற்றுக் கனிவாக ஒலிக்கும்.

முக்கியமான ஒன்று: நைலான் கம்பிக்கான கிளாசிக்கல் கிதாரில் எஃகுக் கம்பி போடவே கூடாது. இழுவிசை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடலாம்.

வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள். வியர்வை பட்டால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். கம்பி மாற்றியும் வலி தீராவிட்டால், கம்பி ஃபிரெட்டுக்கு மேல் அதிக உயரத்தில் நிற்கிறதா என்று கடையில் காட்டிச் சரிசெய்யுங்கள். அதற்குள் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடாதீர்கள்.