வாயால் சொன்ன மறுப்பு

சக்கர நாற்காலிகளுக்கு முன்வரிசையில் இடம் ஒதுக்கி, மேடைக்குச் சாய்தளமும் போட்டிருக்கிற பாப்பாரப்பட்டி நண்பர்களுக்கு நன்றி. பக்கத்தில் நின்று சைகை மொழியில் சொல்லிக்கொண்டிருக்கும் தம்பிக்காகக் கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறேன். வேகம் எடுத்தால் கை காட்டுங்கள்.

இந்த ஊருக்குப் பேச வருகிறவர்கள் விடுதலைப் போராளி சுப்பிரமணிய சிவாவைச் சொல்லாமல் போவதில்லை. 1925 ஜூலை 23 அன்று அவர் இங்கேதான் கண் மூடினார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. வெளியே வந்த பிறகு, அந்த நோயைக் காட்டியே ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். மனிதர் நடந்தார். புண்ணான காலோடு ஊர் ஊராக நடந்து போய்ப் பேசினார். நாமும் நூறு வருடமாக அந்த நடையைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம். அந்தத் தடையை எதிர்த்து அவர் எந்த வாசலில் போய்க் கேட்டிருக்க முடியும் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை. அவருக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. நமக்கு இருக்கிறது. இருந்தும் நாம், மாற்றுத்திறனாளிச் சான்றோ உதவித்தொகையோ கிடையாது என்று சொன்னதும், பேசாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

ஏன் வந்துவிடுகிறோம்? "பர்சன்டேஜ் வரலைம்மா, போயிட்டு வா." "உனக்கு பென்ஷன் வராதுப்பா, மகன் சம்பாதிக்கிறான்ல." இவ்வளவுதான், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாய்வார்த்தை. சொன்னவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நம் கையில் ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. காகிதம் இல்லையென்றால், அரசாங்கக் கணக்கில் உங்களுக்கு யாரும் எதையும் மறுக்கவே இல்லை. மறுக்காத ஒன்றை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இல் வந்தது. அதன் 58ஆவது பிரிவு மருத்துவ அதிகாரிக்கு இரண்டே வழிதான் வைத்திருக்கிறது. ஒன்று, சான்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால், சட்டம் சொல்கிற குறைபாடு இவருக்கு இல்லை என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு விதிகளில் தனிப் படிவமே இருக்கிறது, எட்டாம் படிவம். "போயிட்டு வா" என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. அடுத்த பிரிவு 59. சான்றளிப்பவரின் முடிவு தப்பென்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 58 காகிதமாக வந்தால்தான் 59இன் கதவு திறக்கும். அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சண்டை வேண்டாம், அழுகை வேண்டாம், "ஐயா, அதை எழுதிக் கொடுங்க" என்று மட்டும் கேளுங்கள்.

அந்தச் சதவீதக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தகுதிக்கு வேண்டிய 40 சதவீதம் என்ற எண்ணில்தான் பல குடும்பங்களின் கதை முடிகிறது. ஒருவருக்குக் காலில் 30 சதவீதம், காதில் 20 சதவீதம் என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி 50 என்பார் வீட்டுக்காரர். காலை மட்டும் பார்த்து 30, தகுதி இல்லை என்று அனுப்பிவிடுவதும் நடக்கும். இரண்டும் சரியில்லை. மத்திய அரசின் வழிகாட்டுதலில் ஒரு சூத்திரம் இருக்கிறது. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, மிச்சத்தைச் சின்ன எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 90இல் 30 போனால் 60. அதை 20ஆல் பெருக்கினால் 1200. 90ஆல் வகுத்தால் 13 சொச்சம். 30உடன் கூட்டினால் 43. ஆள் கோட்டைத் தாண்டிவிட்டார்! காது டாக்டரிடமும் காட்டியிருந்தால் 43 என்றே சான்றில் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட தவறு யாருடைய கெட்ட எண்ணத்தாலும் வருவதில்லை. முகாமில் கூட்டம் நெரிகிறது, டாக்டர் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கிறார், வந்தவரும் காலைத்தான் காட்டுகிறார். அதைத் திருத்தத்தான் மேல்முறையீடு.

நம் தருமபுரி மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. தண்ணீரில் இருக்கும் புளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு, 2013 மே மாதம் திறக்கப்பட்டது. நல்லது. ஆனால் அதற்கு முன் காலமெல்லாம் போர்வெல் தண்ணீர் குடித்து இறுகிப்போன முதுகெலும்பு குழாயைத் திறந்ததும் நிமிர்ந்துவிடுமா? சட்டத்தின் 21 குறைபாட்டு வகைகளில், புளோரைடால் வரும் இந்த நோயின் பெயரான புளோரோசிஸ் கிடையாது. பட்டியலில் பேர் இல்லை என்று யாராவது சொன்னால் அத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். நோய்க்குப் பேர் இல்லாவிட்டாலும், குனிய முடியாத இடுப்புக்கும் மடக்க முடியாத முட்டிக்கும் இருக்கிறது. அதுதான் இயக்கக் குறைபாடு. மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். "வயசானா அப்படித்தான்" என்பது அளவு ஆகாது.

இனி பணம். அதற்கு இரண்டு கதவு, குழப்பிக்கொள்ளாதீர்கள். பராமரிப்பு உதவித்தொகை மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2000 ரூபாய். ஓய்வூதியம் வருவாய்த்துறை வழியாக வருவது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று போகிற வழி. 2023இல் அதை 1000த்திலிருந்து 1500 ஆக்கினார்கள். முதியோருக்கு 1200. இந்த வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? 1200க்குக் கால் பங்கு கூட்டினால் 1500. மற்றவர்களுக்கான உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்கு 25 சதவீதமாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. ஆக, அது யாரும் மனமிரங்கிப் போட்ட தொகை இல்லை. மத்திய அரசின் பங்கைக் கேட்டால் சிரிப்பீர்கள். 80 சதவீதக் குறைபாடும் வறுமையும் இருந்தால் மாதம் 300 ரூபாய். 2012இல் வைத்தது, அப்படியே நிற்கிறது.

எந்தக் கதவு மறுத்ததோ அதற்கு மேலே உள்ள படியைத்தான் ஏற வேண்டும். தாசில்தார் மறுத்தால் கோட்டாட்சியர், அதற்கும் மேலே ஆட்சியர். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தால் ரசீதை வாங்காமல் வராதீர்கள். பதில் வரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் முத்திரை ஒட்டி, என் மனு யார் மேசையில் இருக்கிறது, யார் என்ன குறிப்பு எழுதினார் என்று கேளுங்கள். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் முறையிடலாம். அவர் ஒன்றைப் பரிந்துரைத்து, அதை ஒரு துறை ஏற்காவிட்டால், ஏன் ஏற்கவில்லை என்று மூன்று மாதத்துக்குள் அந்தத் துறை சொல்லியாக வேண்டும்.

கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கெதுக்கு என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வாச்சாத்தி எந்த மாவட்டத்தில் இருக்கிறது அண்ணே? அந்தக் கிராமத்தில் 1992இல் அரசு ஊழியர்களே நடத்திய கொடுமைக்கு 2011இல் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கி, 2023இல் உயர் நீதிமன்றத்திலும் அதை நிலைநிறுத்திய மக்கள் அரூர்ப் பக்கத்துக் கூலிக்காரர்கள்தானே? செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987ஆம் வருடச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி மாற்றுத்திறனாளி என்றாலே இலவச வக்கீல் உண்டு, வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு 15100 என்ற எண் போதும்.

கோர்ட்டுக்குப் போய் வென்றதற்கு இன்னொரு உதாரணம், 2024இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன ஒரு வழக்கு. மகாராஷ்டிர மாணவர், பேச்சுக் குறைபாடு 44, 45 சதவீதம். நாற்பதுக்குக் கீழே இருந்தால் இடஒதுக்கீடு இல்லை, மேலே இருந்தால் டாக்டர் படிப்பே இல்லை என்பது அன்றைய விதி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். எண்ணை மட்டும் பார்த்து விலக்கக்கூடாது, இவரால் படிக்க முடியுமா என்று ஆராய்ந்து குறைபாட்டை மதிப்பிடும் வாரியம் காரணம் எழுத வேண்டும், மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய ஓர் அமைப்பும் வேண்டும் என்று நீதிபதிகள் கவாய், அரவிந்த் குமார், விஸ்வநாதன் அமர்வு சொன்னது. அந்த மாணவர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் இடது பக்கப் பந்தலில் மேசை போட்டிருக்கிறார்கள், மனு எழுதித் தரச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். ஆதார், குடும்ப அட்டை, பழைய டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே எது இருந்தாலும் நகல் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம். மறுப்பு வாயால்தான் வந்தது என்றால் எந்தத் தேதி, எந்த அலுவலகம், எந்த நாற்காலியில் இருந்தவர் சொன்னார் என்று ஞாபகப்படுத்திக்கொண்டு வாருங்கள். முதல் மனுவே அதை எழுத்தில் கேட்கிற மனுதான்.